நான்காவது பதில்

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் கைதி விசாரணை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கும், மேடம். கோட்டை கட்டலாம், கப்பல் விடலாம், பக்கத்து நாட்டைப் பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு போருக்குப் பிறகும் பிடிபட்ட வீரர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, வலி கொடுத்துக் கேள்வி கேட்க வேண்டும். கிடங்குக்குத் தீ வைத்தது யார், ஊருக்குள் ஒற்றன் யார், இப்படி. நாற்பது பேர் பிடிபட்டால் நாற்பது பேரையும் கேட்டாக வேண்டும். தாண்டிப் போக வழி இல்லை.

என் அண்ணன் செம்மலுக்குப் போர் மட்டும் போதும். முடித்ததும் லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிடுவான்.

"இந்தா இனியா, ஒன் ஆளுங்க வந்துட்டானுங்க. வெசாரிச்சு வையி, நான் டீ குடிச்சிட்டு வரேன்."

இரண்டு வருடம் இப்படித்தான் போயிற்று. நான் பி.எஸ்ஸி. இயற்பியல். எதையும் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அறுநூற்றுப் பன்னிரண்டு கைதிகளைக் குறித்திருக்கிறேன். முதல் மூன்று பதிலும் பொய்யாக இருக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் வலியை ஒரு படி கூட்டினால் நான்காவது பதில் உண்மை. ஒருவரிடம்கூட இது தவறவில்லை.

பெங்களூரில் எம்.எஸ்ஸி. படிக்க எனக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. ரெட்டியார்பாளையத்தை விட்டு வெளியே போக எனக்கு இருந்த ஒரே வழி அது. சேர்கிறேன் என்று மெயில் அனுப்ப உட்கார்ந்தபோது, என் பெயரில் ஏற்கெனவே ஒரு பதில் போயிருந்தது. எனக்கு விருப்பம் இல்லை என்று. போன் செய்து கேட்டேன். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

என் மெயில் அந்த லேப்டாப்பில் எப்போதும் திறந்தே கிடக்கும். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அம்மாவுக்கு அதைத் தொடவே பயம். மிச்சம் செம்மல்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா வேலைக்குப் போனதும் அவன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தான். தூங்கினால் அவனை எழுப்புவது கஷ்டம். துணி காயப்போடும் நைலான் கயிற்றால் இரும்புக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். கடைசியாக இடது காலைக் கட்டும்போதுதான் விழித்தான். சிரித்தான்.

"ஏய் லூசு, இன்னாடி இது? ரீல்ஸ் எடுக்கிறியா?"

"மெயில் அனுப்புனது யாரு?"

"எந்த மெயிலு? அவுத்து வுடுடி, பாத்ரூம் போவணும்."

டிவி சத்தத்தைக் கூட்டினேன். வாயில் துண்டை வைத்துவிட்டு அம்மிக் குழவியால் வலது சுண்டுவிரலில் அடித்தேன். ஓர் அடிதான். அவன் அடங்கும்வரை காத்திருந்து துண்டை எடுத்தேன்.

"சத்தியமா நான் இல்லடி. அம்மா மேல சத்தியம்."

அந்தக் கையின் மற்ற நான்கு விரல்கள். அதற்குச் சற்று நேரம் பிடித்தது, ஏனென்றால் அவன் விரல்களை மடக்கிக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது முறை அவன் அழுதான். "ஒன்ன பெங்களூர்ல கொண்டுபோய் வுட நான் லீவு சொல்லி வெச்சிருக்கேன் இனியா. நான் எதுக்குடி அனுப்பப் போறேன்?"

மூன்றாவது பதில் கேட்பதற்கு எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். விளையாட்டுக்குப் புதியவர்கள் அங்கேதான் ஏமாறுவார்கள். நான் முழங்கால்களுக்குப் போனேன். உள்ளே எலும்பு நொறுங்குவது குழவி வழியாகக் கைக்குத் தெரிந்தது. கட்டில் நனைந்திருந்தது.

துண்டை எடுத்துக் கேட்டேன்.

"நான்தான்," என்றான். "நான்தான் அனுப்புனேன். வுட்டுடு."

ஒப்புக்கொண்ட பிறகு விளையாட்டில் மூன்று பொத்தான்கள் வரும். மன்னித்து விடலாம், சிறையில் வைக்கலாம், தலையை எடுக்கலாம். மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை, யாரையும் அடைத்துவைக்க இடமில்லை. குழவியை இரண்டு கையாலும் தூக்கி நெற்றிப்பொட்டில் போட்டேன். மூச்சு நிற்கவில்லை. இன்னும் ஐந்து முறை போட வேண்டியிருந்தது. பிறகு முகத்தைப் போர்வையால் மூடினேன்.

அம்மா மத்தியானம் வந்தாள். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பெங்களூர் மெயிலை அனுப்பியது தான்தான் என்று அவன் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன்.

"பாவி, நான்தான்டி எதிர்வீட்டு ஹேமலதாவ வுட்டு அத அனுப்பச் சொன்னேன். ஒங்கப்பா மாதிரி நீயும் போய்ட்டா எனக்கு யாருடி?"

ஹேமலதாவும் அதையே சொல்கிறாள் என்கிறீர்கள். மெயில் போன நேரத்தில் அவன் கம்பெனிக்குள் இருந்தான் என்று வருகைப் பதிவைக் காட்டுகிறீர்கள். பார்த்தேன். ஆனால் அம்மா எப்போதுமே அப்படித்தான், மேடம். சின்ன வயதிலிருந்தே அவன் செய்த தப்பையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்வாள்.

அவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளாத ஒருவனை நான் கொன்றிருக்க மாட்டேன்.