அறுபத்து நாலு புள்ளி இரண்டு

விண்டோஸ் எக்ஸ்பி நல்ல விண்டோஸ். அதைப் பற்றிக் குறை சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. போட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். இப்போது வருகிறவை அப்படியில்லை. ராத்திரி நாம் தூங்கும்போது அதுவாக எதையோ இறக்கிக்கொண்டு, காலையில் வேறு ஆளாக எழுந்து நிற்கும். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். நன்றி. பேனாவும் நன்றாக ஓடுகிறது.

என் பெயர் பாலச்சந்திரன். வயது ஐம்பத்தெட்டு. செகந்திராபாத் லாலாகுடாவில் வீடு. தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்கு ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். நான் மட்டும் இரும்பைத் தொடாமல் கம்ப்யூட்டரைத் தொட்டேன். 2003இல் அந்த மருந்துக் கம்பெனிக்கு ஒரு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அங்கே ரியாக்டர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டாள் உயரத்துக்கு மூடி போட்ட கொப்பரை. உள்ளே ரசாயனம் வேகும். எண்பது டிகிரியைத் தாண்டிவிட்டால் பிறகு அது தானாகவே சூடேறிக்கொண்டு போகும், யார் பேச்சையும் கேட்காது. அதனால் உள்ளே இருக்கும் சென்சார், ஒரு கம்பி வழியாக விநாடிக்கு ஒரு தரம் கம்ப்யூட்டருக்குச் சூட்டைச் சொல்லும். என் ப்ரோகிராம் அந்த எண்ணைத் திரையில் உள்ளங்கை அகலத்துக்குக் காட்டும். எழுபத்தைந்தைத் தொட்டால் மணி அடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இருபத்தோரு வருஷம் அதைச் செய்தது.

அந்த இருபத்தோரு வருஷமும் ஏதாவது நின்றால் எனக்குத்தான் போன் வரும். கன்ட்ரோல் ரூம் சுவரில் என் நம்பரைப் பெரிதாக மார்க்கரில் எழுதி வைத்திருந்தார்கள். பெண்ணின் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்துக்குப் போன் வந்தது. மண்டபத்துக்கு வெளியே வந்து, எந்த வயரைப் பிடுங்கி எதில் சொருக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் உள்ளே போவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததே இல்லை. நான் இல்லாமல் ஓர் இடம் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் வாய்க்கிற விஷயமா?

போன் செய்பவர் பெரும்பாலும் அப்துல் காதர். ரியாக்டர் ஆபரேட்டர். வாணியம்பாடிக்காரர், இங்கே வந்து இருபத்தைந்து வருஷம். "பாலா பாய், உங்க மெஷின் மூஞ்ச தூக்கி வச்சிருக்கு, கொஞ்சம் வந்து சமாதானம் பண்ணுங்க" என்பார். நான் போய் உட்கார்ந்தால், கேட்காமலே டீ வரும். சர்க்கரை எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அவரைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் கிடையாது.

புது விண்டோஸுக்கு மாற வேண்டும் என்று கம்பெனியில் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய எக்ஸ்பி பெட்டிக்குப் பாகம் கிடைப்பது கஷ்டம்தான். நானே செகந்திராபாத் கடைகளில் அலைந்து, யாரோ கழித்துப் போட்டதை வாங்கி வந்து போடுவேன். ப்ரோகிராம் புது விண்டோஸில் ஓடாது என்று சொல்லியிருந்தேன். 2018இல் சொன்னேன், 2021இல் சொன்னேன். வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்திருந்தேன், ஓடியது. இதைப் பொய் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஓட்டிக் கொடுக்காதவரை ஓடாதுதானே.

போன மார்ச்சில், புரொடக்ஷன் மேனேஜர் சாய்கிருஷ்ணா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராஜியை வரவழைத்தார். திருநெல்வேலிப் பெண். நாற்பது வயதிருக்கும். குகட்பள்ளியில் இருக்கிறார். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இந்த மாதிரிப் பழைய ப்ரோகிராம்களைப் புது மெஷினில் ஓட்டிக் கொடுப்பதே தொழிலாக வைத்திருக்கிறார். முதுகில் ஒரு பை. அதில் லேப்டாப், ஸ்க்ரூடிரைவர், தயிர்சாத டப்பா.

நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். முதலில் ப்ரோகிராம் திறக்கவில்லை, ஏதோ ஃபைல் இல்லை என்று பிழை காட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் பழைய பெட்டியிலிருந்து அந்த ஃபைலை எடுத்துப் போட்டு, கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தார், திறந்துவிட்டது. அடுத்து, புது மெஷினில் சென்சார் கம்பியைச் சொருக இடமே கிடையாது. யு.எஸ்.பி.யில் மாட்டுகிற சின்ன கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டினார். விண்டோஸ் அதற்கு இருபத்தொன்று என்று நம்பர் கொடுத்தது. என் ப்ரோகிராமுக்குப் பதினாறுக்கு மேல் தெரியாது. இங்கே மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அந்த நம்பரை மூன்று என்று மாற்றிவிட்டுத் தயிர்சாத டப்பாவைத் திறந்தார்.

சாப்பிட்டு வந்து இரண்டு காரியம் செய்தார். ஒன்று, அந்தக் கன்வெர்ட்டரின் செட்டிங்கில் ஒரு டிக்கை எடுத்தார். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸுக்கு அனுமதி கொடுக்கிற டிக் அது. இரண்டாவது, என் ப்ரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தார். அதுவரை யாரும் அதைப் படித்ததில்லை.

"சார், இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருவோமா?" என்றார். "இது இருக்க வரைக்கும், சென்சார்லருந்து ஒண்ணும் வரலைன்னாலும் திரையில பழைய நம்பர் அப்படியே நிக்கும்லா? பாக்கவங்க எல்லாம் சரியா இருக்குன்னுதான நெனப்பாங்க?"

அது என்ன வரி என்று சொல்லிவிடுகிறேன். எங்கே பிழை வந்தாலும் நிற்காதே, அடுத்ததுக்குப் போ என்று ப்ரோகிராமுக்குச் சொல்கிற வரி. 2003இல், எம்.டி. பார்க்க வருகிற நாளில் கம்பி சரியில்லாமல் நிமிஷத்துக்கு ஒரு பிழை வந்து நின்றது. அவசரத்துக்கு அதை எழுதினேன். அப்புறம் எடுக்கவில்லை.

"இருபத்தோரு வருஷமா இருக்கும்மா" என்றேன்.

"ஆமா சார். மத்தபடி ரொம்ப அழகா எழுதியிருக்கிய" என்றார். கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டுச் சோதித்துப் பார்க்க ரியாக்டரை நிறுத்த வேண்டும். அடுத்த வியாழக்கிழமை கழுவுவதற்கு நிறுத்துவோம், அன்றைக்குச் செய்யலாம் என்று சாய்கிருஷ்ணா சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இதுக்கா இத்தனை வருஷம், பாலா காரு?" என்று தெலுங்கில் கேட்டார். காதர் பாயும் சிரித்தார். ராஜி, செய்ததை எல்லாம் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அதைச் சுவரில் ஒட்டினார்கள். என் நம்பர் இருந்த இடத்தில், அதன் மேலேயே ஒட்டினார்கள். வேண்டுமென்று செய்ததில்லை. அங்கேதான் சுவர் வழவழப்பாக இருந்தது.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்க மாட்டேன். வயிறு எரிந்தது. ஐந்து நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிக்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போனேன். மனைவி ஊறுகாய் பாட்டிலைத் திறந்து தரச் சொன்னதைத் தவிர யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை, பழைய எக்ஸ்பி பெட்டியை எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். காதர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ரியாக்டரில் அப்போது ஒன்றும் வேகவில்லை. நான் அந்த டிக்கைத் திரும்பப் போட்டேன். இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடையிலிருந்து வரும்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்த டிக் இருக்கும். நான் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஒருவர் கலைத்ததை முன்பு இருந்தபடி வைத்தேன். கன்வெர்ட்டர் எப்போதாவது தூங்கிப் போகும், எண் நிற்கும், ராஜியைக் கூப்பிடுவார்கள், அவருக்குப் பிடிபடாது, பிறகு என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை, மவுஸை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மறுபடி போனேன். பதினொன்றரை மணி இருக்கும். ரியாக்டர் ஓடிக்கொண்டிருந்தது. காதர் பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க பாய், உக்காருங்க" என்றார். உட்கார்ந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த எண்ணின் கடைசி இலக்கம் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். ரெண்டு, மூணு, ஒண்ணு, மறுபடி ரெண்டு. அதை இருபத்தோரு வருஷம் பார்த்த கண் இது. அன்றைக்கு அறுபத்து நாலு புள்ளி இரண்டிலேயே நின்றது. ஓரத்தில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போது காதர் பாய் டீயை என் கையில் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா பாய், எவ்வளவு ஸ்டெடியா நிக்குது? முன்னெல்லாம் டான்ஸ் ஆடிட்டே இருக்கும். ராஜி மேடம் கை வச்சப்புறம் ஆடுறதே இல்ல. கமால் கா காம், அசத்தலான வேலை."

நான் டீயைக் குடித்தேன்.

இருபது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிச் சொன்னார். பையன் மெஹதிப்பட்டினத்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறானாம். எண் நின்ற இடத்திலேயே நின்றது, அதனால் மணியும் அடிக்கவில்லை. பிறகு சுவர் லேசாக அதிர ஆரம்பித்தது. ஒரு காட்டமான நெடி வந்தது. காதர் பாய் எழுந்து திரையைப் பார்த்தார், அறுபத்து நாலு புள்ளி இரண்டு. "எதுக்கு இந்த நாத்தம்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த அறையில் நாங்கள் இரண்டே பேர்தான். நான் அவருக்கு எதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தேன். அவர் சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்து ராஜிக்குப் போன் போட்டார்.

ஸ்பீக்கரில் ராஜியின் குரல் கேட்டது. "பாய், திரைய நம்பாதீங்க. கூலிங் தண்ணிய மொதல்ல தொறங்க. மேல முள்ளு மீட்டர்ல என்ன காட்டுதுன்னு தூர நின்னு பாருங்க." நல்ல யோசனைதான். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இருபது நிமிஷம் முன்னாலேயே சொல்லியிருப்பேன். காதர் பாய் ஓடினார். தண்ணீர் வால்வு ரியாக்டருக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. நான் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, மவுஸை எடுத்துக்கொண்டு, கேட் பக்கமாக நடந்தேன். கையெழுத்துப் போட்டு வெளியே வந்த பிறகுதான் மூடி பிய்த்துக்கொண்ட சத்தம் கேட்டது.

அவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அவர் பெண் என்னிடம், "அத்தா உங்கள பத்தி நெறைய சொல்லுவாங்க" என்றாள். அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

ராஜியை நீங்கள் கைது செய்தது சட்டப்படி சரிதான். டிக்கை எடுத்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், மெஷினில் டிக் இருந்தது. வேறு என்ன நினைப்பீர்கள்? அவர் பதினேழு நாளாக உள்ளே இருக்கிறார் என்று பேப்பரில் படித்தேன். அது பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் வெளியே வருவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் நேற்று சாய்கிருஷ்ணா, நிபுணர் குழுவின் அறிக்கையை எனக்குக் காட்டினார். பதினொரு பக்கம். அதில் ஓர் இடத்தில்கூட என் பெயர் இல்லை. "ராஜியின் மென்பொருள்" என்று நாலு இடத்தில் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் இன்று காலை பஸ் பிடித்து உங்களைத் தேடி வந்தேன். அந்த ப்ரோகிராமில் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது, எண்ணை நிற்க வைத்த அந்த ஒரு வரியும் சேர்த்து. அவர் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. டிக் போட்டதும் நான், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நாலு இடத்தையும் முதலில் திருத்தச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.