போலா சொன்ன பதில்

— தலையை ஆட்டாதே ஃபிடெல்மா. சாயம் வழிஞ்சா நாளைக்கு டப்ளின் டிவியில ஊதாக் காதோட உக்காருவே.

— நான் ஆட்டலைக்கா. நீதான் கோபத்துல இழுக்கறே. கடைசி அத்தியாயம் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லேன்.

— பிடிக்கலை. அந்த போலா ஏன் வேண்டாம்னு சொல்றா?

— எந்த போலா?

— உன் புத்தகத்துல எத்தனை போலா இருக்கா? சின்ன ஊர்ல பொம்பளைங்களுக்கு முடி வெட்டற கடை, வயசு ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகலை, நாள் பூரா யாரையாவது திட்டிக்கிட்டே இருக்கா. அந்த போலா.

— உன்னை நினைச்சு எழுதலை. அது கதைக்கா.

— என்னைன்னு நான் சொல்லலை. ஊர் சொல்லும்.

— சொல்லட்டுமே.

— உனக்கென்ன, எழுதிட்டு ரயில் ஏறிடுவே. இந்தக் கில்டரா ஊர்ல உன் புத்தகத்தை யாரு கதையாப் படிக்கறாங்க? ரேடியோவுல சாவுச் செய்தி கேக்கற மாதிரி, அதுல நமக்குத் தெரிஞ்சவங்க யாருன்னுதான் தேடறாங்க. தராசுல கட்டைவிரலை வெக்கற கசாப்புக்காரன்னு நீ எழுதினே. நம்ம கலினன் கறிக்கடைப் பக்கம் ஒரு மாசம் நாய்கூடப் போகலை.

— மன்னிப்புக் கேட்டு அவருக்கு ஒரு கார்டு போட்டேனே.

— போன புத்தகத்துல ஒரு தபால் ஆபீஸ்காரியைக் கொன்னே. யாரோ நிஜம்னு நம்பி, சர்ச்சுல அவ ஆத்மாவுக்குப் பூசை கேட்டுட்டுப் போயிட்டாங்க. நம்ம தபால் ஆபீஸ் யூனிஸ் முன் வரிசையில உக்காந்து தனக்கே ஆமென் சொன்னா.

— அந்தப் புத்தகம்தான் முப்பது பாஷையில வித்துச்சு.

— முப்பது பாஷைக்காரங்களும் யூனிஸ்கிட்ட ஸ்டாம்பு வாங்க வர்றதில்லை. உன் புகழை என்கிட்ட அவிழ்த்து விடாதே. டீச்சர் வேலையை விட்டுட்டு வந்து நின்னப்ப யாரு இந்தக் கடைப் பின்கட்டுல மேசை போட்டுக் குடுத்தா?

— நீதான். டைப்ரைட்டரும் நீதான் வாங்கிக் குடுத்தே. அந்த மேசை இல்லேன்னா நான் இன்னும் வாய்ப்பாடுதான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பேன். இங்கே வர்ற பொம்பளைங்க முடி காய வெக்கற மெஷினுக்குள்ள தலையை விட்டதும், தங்களுக்குக் காது கேக்கலைன்னா ஊருக்கே கேக்காதுன்னு நினைச்சுக் கத்திப் பேசுவாங்க. என் முதல் மூணு நாவலும் அங்கேருந்து வந்ததுதான்.

— முதல் நாவல்ல முத்தம் வருதுன்னு அம்மா அதுக்குச் சமையல் புத்தக அட்டையைப் போட்டு வெச்சாங்க.

— சமையல் புத்தகம்னு நம்பி வாங்கிட்டுப் போன சர்ச் சாமியார் கடைசி வரைக்கும் திருப்பித் தரலை.

— சிரிக்காதே, சாயம் சிந்துது. எப்பவும் எழுதி முடிச்ச சூட்டோட என்கிட்டதான் குடுப்பே. இந்தத் தடவை நேத்து ராத்திரிதான் கண்ணுல காட்டறே.

— வேலை அதிகம். சரி, போலா என்னதான் பண்ணணுங்கறே?

— சரின்னு சொல்லணும். அவளைக் கல்யாணம் பண்ணிக்கக் கேக்கற அந்த ஃபெர்கஸுக்கு என்ன குறை?

— ஒரே கூரைக்குக் கீழே இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் சவப்பெட்டிக் கடை. அது குறை இல்லையா?

— நம்ம ஊர் மலாக்கியும் அப்படித்தான் நடத்தறாரு. யாரு குறை சொன்னா?

— மலாக்கியா? அவரு எங்கேக்கா நடுவுல வந்தாரு?

— சும்மா, பேச்சுக்கு. திங்கட்கிழமை ஸ்டேஷன்லேருந்து உன்னைச் சவ வண்டியில கூட்டிட்டு வந்தாரே, அந்த ஞாபகம். வழியில பார்த்தவங்க எல்லாம் உனக்குச் சிலுவை போட்டுக்கிட்டாங்க.

— வாராவாரம் வியாழக்கிழமை இங்கே வந்து முடி வெட்டிக்கறாராமே.

— வந்தா என்ன?

— அவர் தலையில வெட்ட என்ன இருக்கு?

— ஓரத்துல கொஞ்சம் இருக்கு.

— இன்னிக்கு வியாழன்தானே? ஆளைக் காணோம்?

— காணோம். நானும் மூணு தரம் வாசல்ல எட்டிப் பார்த்துட்டேன். இங்க பாரு ஃபிடெல்மா, நான் விளையாடலை. அவங்கம்மா போனதுலேருந்து அந்த மனுசன் இந்த நாற்காலியில உக்காந்து ஏதோ சொல்ல வாயைத் திறக்கறாரு. மழை வரும் போலிருக்குன்னு சொல்லிட்டு எழுந்து போயிடறாரு.

— அயர்லாந்துல அது எப்பவும் உண்மைதான்.

— கேலி பண்ணாதே. உன் புத்தகம் வந்த அன்னிக்கே வாங்கி, கல்லாவுல உக்காந்து படிக்கறவரு. போலா வேண்டாம்னு சொன்னதைப் படிச்சாருன்னா, நான் உன் மூலமாப் பதில் அனுப்பிட்டேன்னு நினைச்சுக்குவாரு. அப்புறம் எனக்கு அந்த மழைகூடக் கிடையாது.

— அப்போ அவர் கேட்டா என்ன சொல்லுவே?

— போலாவா?

— நீ.

— சரின்னு சொல்லுவேன். போதுமா? சொல்ல வெச்சுட்டே இல்ல? பின்கட்டுல டைப்ரைட்டர் அப்படியேதான் இருக்கு. தலையை அலசினதும் போய் மாத்தி அடி. நாளைக்கு டிவியில நீ பேசறதுக்குள்ள... இரு. அச்சாகாத புத்தகத்துக்கு டிவியில என்ன பேச்சு?

— அக்கா, சீப்பைக் கீழே வை.

— ஃபிடெல்மா.

— அச்சாயிடுச்சு. நாளைக்குக் காலையில கடைக்கு வருது. ஒரே ஒரு பிரதி மட்டும் முன்னாடியே ஒருத்தருக்குக் குடுத்தேன். சவ வண்டிக்கு நன்றியா.

— ஐயோ, பாவி. அதான் இன்னிக்கு ஆள் வரலை. படிச்சிட்டாரா?

— கடைசி அத்தியாயம் வரைக்கும். காலையில போன் பண்ணினாரு. கால்வே டவுன்ல நல்ல மோதிரக் கடை எதுன்னு கேட்டாரு.

— வேண்டாம்னு படிச்சவருக்கு மோதிரம் எதுக்குடி?

— அச்சான புத்தகத்துல போலா சரின்னுதான் சொல்றா. அந்த வேண்டாம், ஊர்லயே ரொம்ப அழுத்தக்காரியான ஒரு வாசகி வாயைத் திறக்கட்டும்னு நேத்து அவளுக்காக மட்டும் அடிச்சது.