கொக்கியில் இல்லாத கண்ணாடி

"கூப்பிடாம வந்ததுங்க எல்லாம் கெட்டதுங்களா, பெரியப்பா?" என்று குழந்தை கேட்டாள்.

என் தம்பி அவளுடைய அம்மாவைக் கல்யாணம் செய்து, இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்த மூன்றாம் நாள் அது. அவளுக்கு ஆறு வயது. முன்பல் இரண்டு விழுந்திருந்தன.

அவள் கேட்டது என் கடல்மீன் தொட்டியைப் பற்றி. பதினோரு வருடமாகக் கூடத்தில் இருக்கிறது. அதில் வைக்கும் பாறை கடலிலிருந்து வருவது. நாம் காசு கொடுப்பது பாறைக்கு மட்டும்தான், ஆனால் பொந்துகளில் ஒட்டிக்கொண்டு என்னென்னவோ கூடவே வந்துவிடும். புழு, நண்டு, நகத்தளவு நட்சத்திர மீன், விரல் சொடக்குவதுபோலச் சத்தம் போடும் இறால். அவற்றுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், என்ன தின்னும், என்ன தீங்கு, கடைசியில் முடிவு: இருக்கட்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். முடிவை மட்டும் உடனே எழுத மாட்டேன். உடம்பெல்லாம் முள்போல முடி உள்ள புழுவைப் பார்த்த மாத்திரத்தில் பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு. பாவம், அது மீன்கள் மிச்சம் வைத்ததைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்குகிற பிராணி.

"ஒரு வாரம் பாக்கணும்மா. அப்புறம்தான் சொல்லணும்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்களையும் பாத்துட்டு இருக்கீங்களா?"

சமையலறையிலிருந்து அவள் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளன். இருபத்திரண்டு வருடம். பிள்ளைகள் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் என் கையிலிருந்து ஒரு சோதனைக்குழாய் வாங்க முடியாது. "கண்ணாடி சார்" என்று என் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். என் அறையில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு கண்ணாடியைக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தேன்.

தம்பி மனைவி நல்லவள். இதை ஒப்புக்கு எழுதவில்லை. நான் கேட்காமலே என் சட்டைப் பொத்தான்களைத் தைத்துவைப்பாள். எனக்குப் பிடிக்காது என்று தெரிந்த நாளிலிருந்து என் பங்கில் காரத்தைக் குறைத்தாள். முன்பெல்லாம் தம்பி அலுவலகத்துக் கதைகளைச் சாப்பிடும்போது என்னிடம் சொல்வான். இப்போது சமையலறையில் சொன்னான். சிரிப்பு மட்டும் கூடத்துக்கு வரும். இது ஒரு குறையா என்று கேட்டால், இல்லை.

ஒருநாள் அவன், குழந்தை படிக்க மேசை போட வேண்டும், தொட்டியைப் பின்பக்கம் வைக்கலாமா என்று தயங்கிக் கேட்டான். நான் வாய் திறக்குமுன் அவன் மனைவி, "வேணாங்க. அது அத்தானோட இடம்" என்றாள். எனக்காகத்தான் பேசினாள். என் வீட்டில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை அவள் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தது.

என்னைச் சமாதானப்படுத்தத் தம்பி ஒரு பாறை வாங்கிவந்தான். பாசி மூடியிருந்தது. அதனடியில் பழுப்புப் பொத்தான்கள்போலக் கொத்தாக ஓர் உயிர். அதற்கு ஒரு வாரம் தேவைப்படவில்லை. அன்றே எழுதினேன்: 'பொத்தான் பவளம். விஷம். சீண்டினால் நீர் பீய்ச்சும். கண்ணாடி இல்லாமல் கிட்டே போகக்கூடாது. எடுத்துவிட வேண்டும்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாறையை வாளியில் வைத்திருந்தேன். தம்பி மனைவி வந்தாள். "நான் தேய்ச்சுத் தரட்டுமா அத்தான்? உங்களுக்கு முதுகு வலிக்குமே."

"தேய்ம்மா" என்றேன். பழைய பல் தேய்க்கும் பிரஷைக் கொடுத்தேன்.

அவள் வாளிமேல் குனிந்தாள். சற்று நேரத்தில், "கண்ணுல பட்டுடுச்சு, சுருக்குங்குது" என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு எழுந்தாள். கழுவச் சொன்னேன், சரியாகிவிடும் என்றேன். பிறகு மீன்களுக்கு இரை போட்டேன்.

சாயங்காலம் அவளால் கண் திறக்க முடியவில்லை. இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது, உருவம் தெரிவதில்லை. கொஞ்சம் எரியட்டும், தொட்டிப் பக்கம் வர அவள் பயப்படட்டும் என்றுதான் நினைத்தேன். கடவுளிடமும் தினமும் அப்படித்தான் சொல்லிவருகிறேன். அவர் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

மருத்துவர் கேட்டார்: இதையெல்லாம் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லையா என்று. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். கட்டுப்போட்ட கண்ணோடு அவள் முந்திக்கொண்டாள். "அத்தான் சொன்னாருங்க. நான்தான் கண்ணாடி போட்டுக்கல."

பாறையை வாங்கிவந்தது தான்தானே என்று தம்பி நான்கு மாதமாக நொந்துகொண்டிருக்கிறான். அவன்மேல் தவறில்லை என்று நான் சொன்னதில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, அவளுடைய இடப்பக்கம் வரக்கூடிய நாற்காலிகளை உள்ளே தள்ளி வைக்கிறேன். கதவைச் சுவரோடு ஒட்டித் திறந்து வைக்கிறேன். இப்படிச் சின்னச் சின்னதாய்ச் செய்தே தீர்த்துவிடலாம் என்று நம்பினேன்.

நேற்று என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்க நாலைந்து தடவை ஆயிற்று. கோத்தபின், நிமிராமல் சொன்னாள்.

"அன்னிக்குக் கண்ணாடி உங்க சட்டைப் பையில இருந்துச்சு. நான் பாத்தேன். வேலை மும்முரத்துல மறந்திருப்பீங்க. இல்லையா அத்தான்?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை மடித்துக் கொடுத்தாள்.

இப்போது வீட்டில் யாரும் இல்லை. தம்பி அவளைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறான். குழந்தை பள்ளியில். கண்ணாடியைக் கழுவிக் கொக்கியில் மாட்டினேன். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். தீங்கு என்ற இடத்தில் இதுவரை நீங்கள் படித்தது இருக்கிறது. முடிவு என்ற இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். அதை எழுத வேண்டியவள் அவள்.

ஒன்று மட்டும் பாக்கி. அவள் பிரஷை வாங்கக் கை நீட்டியபோது கண்ணாடி கொக்கியில்தான் இருந்தது. நான்தான் எடுத்துப் பையில் போட்டேன். மறக்கவில்லை அம்மா.

இடப்பக்கத்து நாற்காலியை உள்ளே தள்ளினேன். நோட்டை, நான் எழுதிய இந்தப் பக்கம் தெரியும்படி விரித்து, மேசையின் வலது ஓரத்தில், அவளுக்குத் தெரிகிற பக்கத்தில் வைத்தேன்.