கயிறு பிடிப்பவன்

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தியின் மடியில் கறுப்பு அட்டை போட்ட பேய் நாவல். உப்பளங்களைத் தாண்டும்போது அவள் சொன்னாள்:

"ஏளா, எனக்கு இதுல வார பேயப் பாத்துப் பயமில்ல. கயிறு பிடிக்கவனப் பாத்துதான் பயம்."

"கத என்னன்னு முதல்ல சொல்லு."

"ஒருத்தன் முத்துக் குளிக்கக் கடலுக்குள்ள இறங்கியிருக்கான். மேல வள்ளத்துல அவன் கூட்டாளி, அவன இழுத்துத் தூக்குத கயித்தப் பிடிச்சிருக்கான். அப்ப தண்ணிக்குள்ள இருந்து ஒரு குரல், 'கயித்த விட்டுரு, நீ கேக்கதெல்லாம் தாரேன்'ங்குது."

"கூட்டாளிகிட்ட கயித்தக் குடுத்தா அப்படித்தான். எழுதினவங்களுக்கு நம்ம பக்கம் தெரியாது போல. இங்கன மச்சான்தான பிடிப்பான்? கூடப் பிறந்தவ தாலிய எவன் அறுப்பான்?"

"நானும் அதத்தான் நெனச்சேன். எங்கப்பா சங்கு குளிக்கயில அம்மாகூடப் பிறந்த மாமாதான் படகுல நின்னு காத்துக் குழாயப் பிடிக்காரு. அவருட்ட இதப் படிக்கக் குடுத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"'இந்தக் குரல் என்கிட்டயும் இதக் கேட்டிருக்கு'ன்னாரு."

மற்றவள் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். 'யோசிச்சுச் சொல்லுதேன்னு சொன்னேன்'னாரு."

கண்டக்டர் வந்து இருவருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏளா, இன்னைக்கு உங்கப்பா கடலுக்குப் போயிருக்காரா?"

"ம்."

"குழாய யாரு பிடிக்கா?"

அவள் நாவலை மூடிவிட்டு, ஜன்னல் வழியாகக் கடல் இருக்கும் பக்கம் பார்த்தாள்.

"மாமாதான்."