என் பேருக்குக் கீழே என்ன போடுவது?

தலைமை தாங்கும் பெருமைக்குரிய பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் சுகாதார ஆலோசனைக் குழுவினரே! வலப்பக்கம் அமர்ந்திருக்கும் என் வயதுக்காரப் பெரியவர்களே! இடப்பக்கம் கைக்குழந்தையோடும் கட்டைப்பையோடும் வந்திருக்கும் தாய்மார்களே! ராத்திரி சிப்ட் முடித்து, தூக்கத்தைத் துறந்து, பின்வரிசையில் கொட்டாவி விட்டபடி நிற்கும் நிட்டிங் தம்பிகளே! சாமளாபுரத்தில் தறி ஓட்டிவிட்டு, இப்போது நெருப்பெரிச்சல் ஊரில் மகன் வீட்டில் குடியிருக்கும் நாச்சிமுத்துவின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

என்னங்க? கேக்கலீங்களா? மைக்கைக் கொஞ்சம் இறக்கி வைங்க கண்ணு. ஆங், இப்பச் சரியா? சரி.

என் கையில் இருக்கும் இந்தக் காகிதத்தை நானே எழுதினேன். போன வருஷம் வரைக்கும் எனக்குக் கைநாட்டுத்தான். மெதுவாக எழுதியதை மெதுவாகத்தான் வாசிப்பேன். சாப்பாடு ஆறிவிடும் என்று கவலைப்படுகிறவர்கள், எனக்கு முன்னால் நீட்டி முழக்கியவர்களைக் கோபித்துக்கொள்ளுங்கள்!

எனக்குக் கொடுத்த தலைப்பு பெரிய தலைப்பு. மக்களின் சுகாதாரத்துக்குத் திட்டம் தீட்ட ஆலோசனை சொல்கிறார்களே, அவர்கள் எந்தத் தொழிலில் இருந்து வர வேண்டும்? நாடி பிடிக்கும் மருத்துவரா? கணக்குப் பார்க்கும் ஆடிட்டரா? ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சண்டைசரா? யார் சொன்னால் நம் உடம்பு கேட்கும்?

இதற்குப் பதில் என்னிடம் கதையாகத்தான் இருக்கிறது. கதையில் வருகிறவர்கள் எல்லோரும் இதோ, என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் இருக்கிறார்கள். பொய் சொல்ல வழியில்லை.

நம் பகுதிக் கம்பெனிகள் சேர்ந்து தொழிலாளர்களுக்காக ஒரு மருத்துவ வேன் விட்டார்களே, அதற்கு ஆலோசகர்கள் மூன்று பேர். டாக்டர் யாழினி, பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர். கதிர்வேல், ஆடிட்டர். இந்துமதி, துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் பேசிப் பேசியே ஆர்டர் வாங்கும் மெர்ச்சண்டைசர். முதல் கூட்டத்திலேயே இந்துமதியம்மா ஒரு யோசனை சொன்னார்.

“எடுத்த எடுப்பில எல்லாக் கம்பெனிக்கும் போக வேண்டாமுங்க. முதல்ல ஒரு சாம்பிள் போட்டுப் பார்ப்போம். சாம்பிள் ஓகே ஆனா மொத்தமா பல்க்ல இறங்கிடலாம்.”

மகுடேஸ்வரன் ஐயா தலையாட்டினார். ஆடிட்டர் தலையாட்டினார். மருந்தைக்கூட முதலில் சிலருக்குக் கொடுத்துத்தானே பார்ப்போம் என்று டாக்டரம்மாவும் தலையாட்டினார். சாம்பிள் இல்லாமல் ஒரு பனியன் வெளியே போகாத ஊரில், வைத்தியம் மட்டும் போய்விடுமா?

சாம்பிள் போட்டார்கள். எங்கே? ஒரு தையல் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பகுதியில். எப்போது? காலை பதினோரு மணிக்கு, டீ நேரத்தில். அங்கே வேலை செய்கிற தாய்மார்கள் அத்தனை பேரும் வரிசையில் வந்தார்கள். பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், மாத்திரை வாங்கினார்கள், மகிழ்ச்சியாகப் போனார்கள். சாம்பிள் ஓகே! அப்புறம் என்ன? பல்க்! எல்லாக் கம்பெனிக்கும் அதே வேன், அதே மேசை, அதே பதினோரு மணி!

வந்தார்களா? வரவில்லை! நிட்டிங் கம்பெனியில் வரவில்லை! அயர்னிங் செக்சனில் வரவில்லை! வடநாட்டுத் தம்பிகள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள், அதோடு சரி. மேசைமேல் காகிதம் பறந்தது. பொழுது போகாமல் டாக்டரம்மா தன் பிரஷரைத் தானே பார்த்துக்கொண்டார். ஏறித்தான் இருந்திருக்கும்!

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், வேனை நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கம்பெனிகளுக்குப் போகிற வழியில் எங்கள் வீதி முனையிலும் நிற்கும் அந்த வேனில்தான் எனக்குச் சர்க்கரை மாத்திரை. அது நின்றால், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் எந்த பஸ்ஸில் ஏறுவேன்? எந்த ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பேன்? முன்பு அப்படி அலுத்துப்போய் மாத்திரையை விட்டுவிட்டுத்தான் ஒருநாள் மயங்கி விழுந்தேன்.

குழு கூடும் நாளைக் கேட்டுக்கொண்டு நேரே போய்விட்டேன். தனியாகப் போகவில்லை. பக்கத்து வீட்டு அறையில் வாடகைக்குக் குடியிருக்கும் தேனிக்காரர், நிட்டிங் ஆபரேட்டர் மொக்கைச்சாமியையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போனேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார்; குடித்துவிட்டு மறுபடியும் தாகம் என்பார். எனக்கு அந்தத் தாகம் தெரியும். அவர் ஒருமுறைகூட வேன் பக்கம் போனதில்லை.

மகுடேஸ்வரன் ஐயா, “வாங்க பெரியவரே, என்ன விசேசமுங்க?” என்றார்.

“வேனை நிறுத்தறீங்களாமா. நிறுத்தீட்டா நா எங்க போறதுங்க?”

“நாங்க என்னங்க பண்றது? யாரும் வர மாட்டேங்கறாங்களே.”

டாக்டரம்மா மொக்கைச்சாமியைப் பார்த்தார். தோளில் துண்டு, கண்ணில் பாதித் தூக்கம். “நீங்க ஏன் வரல?” என்று கேட்டார்.

“பதினோரு மணிக்கா? அது எனக்கு நடுச்சாமம் டாக்டரம்மா! ராத்திரி பூரா மிஷின்ல நின்னுட்டு அப்பத்தான் கண்ணசருவேன். உங்களை நடுச்சாமத்துல எழுப்பி, நாக்கை நீட்டுங்கன்னா நீட்டுவீகளா?”

அறையே சிரித்தது. ஆனால் இந்துமதியம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“ஐயோ! சைஸ் செட் போடலீங்க!”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மகுடேஸ்வரன் ஐயா நெற்றியில் அடித்துக்கொண்டார். பின்வரிசையில் நீங்களும் அடித்துக்கொள்கிறீர்கள், தெரிகிறது! பனியன் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் நடுத்தர அளவில் ஒரு சாம்பிள் தைப்பார்கள். அது சரி என்றதும் பல்க்கில் இறங்கிவிட மாட்டார்கள். சின்னது, பெரியது, அதைவிடப் பெரியது என்று எல்லா அளவிலும் ஒவ்வொன்று தைத்து, எல்லாம் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அதுதான் சைஸ் செட். ஒரு துண்டுப் பனியனுக்கு அதை மறக்காத ஊர், உயிருள்ள உடம்புக்கு மறந்துவிட்டது!

அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆடிட்டர் கதிர்வேல் சொன்னார்: “அயர்னிங் ஆளுங்க பீஸ் ரேட்டுங்க, எண்ணிக்கைக்குத்தான் கூலி. மேசையை விட்டு நகர்ந்தா அவங்களுக்கு நட்டம். ஆனா சனிக்கிழமை சம்பளத்துக்கு நிக்கறாங்க பாருங்க, நா எந்தக் கம்பெனி ஆடிட்டுக்குப் போனாலும் அந்த வரிசை நகர்ந்ததே இல்லீங்க. அங்க வேனை நிறுத்துங்க!”

டாக்டரம்மா சொன்னார்: “படிச்சு முடிச்ச புதுசுல எனக்கு நைட் டூட்டிதான். நிட்டிங் கம்பெனிக்கு சிப்ட் மாறுறப்ப, பொழுது சாய வர்றேன். வடநாட்டுத் தம்பிகளுக்கு இந்தி பேசற நர்ஸ் ஒருத்தர் என்கூட வேலை பார்த்திருக்காங்க. கூட்டிட்டு வர்றேன்.”

“அதுவரைக்கும் என்னை யாரு பாக்கிறது?” என்றார் மொக்கைச்சாமி.

“உங்களை இப்பவே!” என்று அங்கேயே விரலைக் குத்திவிட்டார் டாக்டரம்மா. சர்க்கரை இருந்தது. ஆரம்பத்திலேயே அகப்பட்டுக்கொண்டது. இப்போது காலையும் மாலையும் என்னோடு நடக்க வருகிறார். என்னைவிட வேகமாக நடக்கிறார், அதுதான் எனக்கு வருத்தம்! கையைத் தூக்குங்க மொக்கைச்சாமி! பார்த்தீர்களா, தூங்கிவிட்டார்!

அன்பானவர்களே! இப்போது சொல்லுங்கள். ஆலோசகர் எந்தத் தொழிலில் இருந்து வர வேண்டும்? ஊசி பிடித்தவருக்கு ரத்தம் தெரிந்தது. சம்பள வரிசை தெரியவில்லை. கணக்குப் பிடித்தவருக்கு வரிசை தெரிந்தது, நாடி தெரியவில்லை. ஆர்டர் பிடித்தவருக்கு அளவு தெரிந்தது. ஆனால் அந்த அளவு ஞாபகம் வர, தூக்கம் கலையாத ஒரு மனிதர் எதிரே வந்து நிற்க வேண்டியிருந்தது! ஒரே தொழில்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரே சைஸ்தான் தைப்பார்கள். நாமோ ஒரே சைஸ் இல்லை! குட்டை இருக்கிறோம், நெட்டை இருக்கிறோம்! பகலில் உழைக்கிறோம், இரவில் உழைக்கிறோம்! தமிழ் பேசுகிறோம், இந்தி பேசுகிறோம்! எல்லோரையும் அளந்து தைக்கிற குழுதான் குழு! எல்லோருக்கும் பொருந்துகிற திட்டம்தான் திட்டம்!

சம்பள வரிசையிலும் வந்தார்கள், சிப்ட் மாறும் நேரத்திலும் வந்தார்கள்! வேன் நின்றதா? நிற்கவில்லை! இன்றைக்கு அதற்கு ஆண்டு விழா!

கடைசியாக ஒன்று. போன மாதம் என்னையும் குழுவில் சேர்த்தார்கள். விழா அழைப்பிதழ் அடிக்கும்போது மகுடேஸ்வரன் ஐயா கேட்டார்: “இவங்க பேருக்குக் கீழ டாக்டர், அவங்க பேருக்குக் கீழ ஆடிட்டர்னு போட்டாச்சு. உங்க பேருக்குக் கீழ என்ன போடறதுங்க? தறிக்காரர்னு போடலாமுங்களா?”

யோசித்தேன். தறிக்காக என்னைச் சேர்க்கவில்லையே.

“நோயாளின்னு போடுங்க” என்றேன்.

“விளையாடறீங்களா பெரியவரே?”

“இல்லீங்க. அதுலதான் எனக்கு அனுபவம் அதிகம்.”

போட்டுவிட்டார்கள்! அழைப்பிதழ் வந்ததும் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். டாக்டர். ஆடிட்டர். மெர்ச்சண்டைசர். அதற்கு அடுத்து, அதே அளவு எழுத்தில், நாச்சிமுத்து, நோயாளி!

வாய்ப்புக் கொடுத்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், கைதட்டிய தாய்மார்களுக்கும் கோடி நன்றி. வேன் வெளியே நிற்கிறது. சாப்பிடும் முன்னே விரலை நீட்டிவிட்டு வாருங்கள். முதல் ஆளாக நான் போகிறேன். வணக்கம்!