கத்தாத பிள்ளை

வினிகர் வாசம் கையை விட்டு அவ்வளவு லேசில் போகாது. மீன் வாசம்கூடப் போய்விடும். இங்கிலாந்தில், கிரிம்ஸ்பி துறைமுகத்தில் பாதி வயதை மீன் வெட்டியே கழித்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாற்பதை நெருங்கும்போதுதான் கற்றேன். முதுகு போனதும், பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இல்லத்தில் சமையலுக்குச் சேர்ந்தேன். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதன் பிறகு, வேலை பார்த்துக்கொண்டே இல்லத்துக்கு மேலாளராவதற்கான பயிற்சி. கூட இருந்த கோலீன் கேலி செய்வாள். "என்னடி மேனேஜரம்மா, மீன் குடலை உருவின கை, இனிமே எங்க குடலை உருவுமா?" நானும் சிரிப்பேன்.

பயிற்சி முடியும்போது தேர்வாளர் இல்லத்துக்கே வந்து நாம் நடத்துவதைப் பார்ப்பார். நீங்கள் பொறுப்பேற்ற பிறகு இங்கே என்ன மாறியது என்று கேட்பார். காட்ட ஒன்று வேண்டும். எனக்கு டாம்சின் இருந்தாள்.

ஏழு வயது. அவளை அம்மாவிடம் திருப்பி அனுப்பலாமா என்று அந்தக் கோடையில் நீதிமன்றம் முடிவு செய்வதாக இருந்தது. அம்மா லோரெய்ன் குடியை விட்டிருந்தாள். சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வருவாள். கையில் வினிகர் தெளித்த, சுடச்சுடப் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலம். முன்வாசல் மணியை அடிக்கக் கூச்சம். சமையலறைக் கதவைத் தட்டுவாள். அம்மா கிளம்பியதும் டாம்சின் தொடங்குவாள். கதவை உதைத்து, தொண்டை கிழியக் கத்துவாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்து அழும். அந்தக் கூச்சலில் எந்தத் தேர்வாளர் எனக்குச் சாவியைக் கொடுப்பார்?

ஒரு சனிக்கிழமை கதவைப் பாதி திறந்து, "இன்னிக்கு உங்களைப் பார்க்க மாட்டேங்குறாம்மா. கட்டாயப்படுத்த வேணாம்" என்றேன்.

லோரெய்ன் சண்டை போடவில்லை. போட்டால் குடித்துவிட்டு வந்தாள் என்பார்கள் என்ற பயம். பொட்டலத்தை நீட்டினாள். "இதையாவது குடுத்துடுங்கக்கா. சூடு ஆறிடப் போகுது."

ஆறவிடாமல் நானே தின்றேன்.

டாம்சின் இறங்கி வந்து என் கையை மோந்து பார்த்தாள். "அம்மா வந்தாங்களா?"

பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. "வந்தாங்க கண்ணு. நீ மாடியில கத்தி விளையாடிட்டிருந்தியா, வாசல் வரைக்கும் கேட்டுது. திரும்பிப் போயிட்டாங்க."

"இனிமே கத்தலைன்னா?"

"பார்க்கலாம்."

அன்று வீடு அமைதியாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலையிலேயே காலணி மாட்டிக்கொண்டு, வாயைப் பொத்தியபடி சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கோலீனோடு கடற்கரைக்கு அனுப்பிவைத்துவிட்டு, லோரெய்னிடம் அதே பதிலைச் சொல்லி, அந்தப் பொட்டலத்தையும் நானே தின்றேன். திரும்பி வந்ததும் மறுபடி என் கையை மோந்தாள். "ராத்திரி தூக்கத்துல அழுதியாமே. அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றேன். அதன் பிறகு வாயில் காலுறையை அடைத்துக்கொண்டு தூங்கினாள். நான் எடுத்துவிடவில்லை. பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வழியை மதிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

கொஞ்ச நாளில் பேச்சும் நின்றது.

நீதிமன்றம் விசாரிக்க அனுப்பிய அதிகாரியம்மாள் டாம்சின் முன்னால் குனிந்து, "அம்மாகிட்ட போகணுமாடா செல்லம்?" என்று கேட்டாள். டாம்சின் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், சரியாக இருக்கிறேனா என்பதுபோல. சரி என்று நான் தலையசைத்தேன். அவள் பேசவே இல்லை. பிள்ளைக்குத் தாயிடம் ஒட்டுதல் இல்லை என்று முடிவானது. வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே தேர்வாளர் வந்து போயிருந்தார். இவ்வளவு அமைதியான இல்லத்தைப் பார்த்ததில்லை என்றார். கோலீன் கேக் வாங்கி வந்தாள்.

புது வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு மீனும் சிப்ஸும் வாங்கியிருக்கிறார்கள். வினிகரைத் தெளித்ததும் டாம்சின் மேசைக்கடியில் நுழைந்து காலுறையைக் கழற்றி வாயில் திணித்துக்கொண்டாளாம். அந்த வீட்டுக்காரி ஏன் என்று கேட்கப் போய்த்தான், விசாரணை என்று நீங்கள் என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

ஆமாம், லோரெய்னை வாசலோடு திருப்பியது நான். பிள்ளையிடம் அப்படிச் சொன்னதும் நான். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அவளைச் சித்திரவதை செய்தேன் என்று நீங்கள் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை.

வலித்திருந்தால் கத்தியிருப்பாளே.