விரலில் சுற்றிப் பார்த்த பட்டை

எனக்குக் கை நடுங்காது சார். அதனாலதான் லேசர் மெஷின்ல என்னை உட்கார வச்சாங்க.

நாங்க செய்யறது குழந்தைங்க நெஞ்சுல ஒட்டுற பட்டை. குறைமாசத்துல பிறந்த பிள்ளை மூச்சு விட மறந்தா, பட்டை சத்தம் போட்டுப் பெத்தவங்களை எழுப்பும். வெங்காயச் சருகு மாதிரி பிளாஸ்டிக், அதுமேல கரன்ட் ஓடற பூச்சு. வேண்டாத பூச்சை லேசர் சுரண்டி எடுத்துடும். மிச்சம் இருக்கிற கோடுதான் கம்பி. சூடு பரவறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும், அடியில இருக்கிற பிளாஸ்டிக்குக்குத் தெரியவே தெரியாது.

ஆனா அதுக்குக் கம்மி பவர்ல ரெண்டு தடவை ஓட்டணும். நான் பவரை ஏத்தி ஒரே தடவையில முடிச்சேன். எல்லாரும் நேரத்தோட வீட்டுக்குப் போனோம். மேனேஜர் தோள்ல தட்டி, "நீ கில்லாடிய்யா"ன்னார். கேட்க நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

கண்ணாடி மேல தட்டையா வச்சுத்தான் சோதிப்பாங்க. எல்லாம் பாஸ். நான்தான் பழக்கதோஷத்துல ஒண்ணைக் கட்டைவிரல்ல சுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக்கும் கீறியிருக்கு, பிள்ளை நெஞ்சு மாதிரி வளைச்சதும் கோடு அறுந்துபோச்சு. இன்னொண்ணைச் சுத்தினேன், அதுவும் அப்படியே. அப்புறம் சுத்திப் பார்க்கிறதையே விட்டுட்டேன்.

சோதனை மேஜை அக்கா தினமும் டிபன் டப்பாவை முதல்ல என் பக்கம்தான் நீட்டுவாங்க. அவங்க மகளுக்கு ஏழாம் மாசத்துலயே பிரசவம் ஆயிடுச்சு. "தம்பி, பேரனுக்கு நல்லதா ஒண்ணு உன் கையால எடுத்துக் குடுப்பா"ன்னு கேட்டாங்க.

என் சட்டைப் பையில நல்லது ஒண்ணு இருந்துச்சு. என் தங்கச்சி அப்போ மாசமா இருந்தா, பிறக்கப்போற குழந்தைக்குன்னு ரெண்டு தடவை ஓட்டி எடுத்து வச்சது. அதைப் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தா, இதுல மட்டும் என்னப்பா விசேஷம்னு கேட்பாங்க. என்னன்னு சொல்றது? தட்டுல இருந்த ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். "உன் கை பட்டா சரியாத்தான் இருக்கும்"னு வாங்கிக்கிட்டாங்க.

ஒருநாள் ராத்திரி பிள்ளைக்கு மூச்சு நின்னப்போ பட்டை சத்தமே போடல. காலையில மகள் பார்த்தப்போ பிள்ளை சில்லிட்டுக் கிடந்துச்சாம். துக்கம் விசாரிக்கப் போன என்னைக் கட்டிக்கிட்டு, "அழாதப்பா, நீ என்ன பண்ணுவ"ன்னு அக்காதான் எனக்குத் தேறுதல் சொன்னாங்க. அதுதான் சார் மனசை அறுக்குது. மத்த வீடுகள்ல என்ன ஆச்சுன்னு நான் கேட்டுக்கல.

தங்கச்சி குழந்தையா? நிறைமாசக் குழந்தை சார், கொழுகொழுன்னு இருக்கு. அதுக்குப் பட்டையே தேவைப்படல. உறைகூடப் பிரிக்காம என் பீரோவுலதான் கிடக்கு. எதுக்கும் இருக்கட்டுமேன்னு பத்திரமா வச்சிருக்கேன்.